மரவில்லுல ரெண்டு லிம்பும் சமமா வளையலன்னா என்ன பண்றது? அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஒரே மரத்துண்டுல வில்லு செதுக்குற யாரா இருந்தாலும் ஒரு கட்டத்துல இங்க வந்துதான் நிப்பாங்க. வடிவம் வந்தாச்சு, ரெண்டு பக்கமும் ஒரே அளவுலதான் அறுத்தது, ஆனா நாண் மாட்டி இழுத்தா ஒரு லிம்ப் (பிடிக்கு மேலயும் கீழயும் வளையுற பகுதிதான் லிம்ப்) நல்லா வளையுது இன்னொண்ணு விறைப்பா நிக்குது. மரத்தோட குணமே அதுதான், ஒரு முனைக்கும் இன்னொரு முனைக்கும் நடுவுல அடர்த்தி, ஈரம், நார் ஓடுற போக்கு எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் மாறும், அதனால ஸ்கேல் வச்சு சமமா அறுத்தாலும் வலு சமமா வராது. அந்த வலுவ சமப்படுத்துற வேலையத்தான் டில்லர் பண்றதுன்னு சொல்றோம், வில் செய்யுறதுல பாதி வேலைக்கு மேல இதுதான்.

கீழ வர்ற அளவெல்லாம் ஒரே ஒரு வில்ல மனசுல வச்சு சொன்னது: ஹிக்கரி மரம், 66 இஞ்ச் நீளம், நடுவுல 4 இஞ்ச் பிடி, பிடிக்கு ரெண்டு பக்கமும் 2 இஞ்ச் சரிவு (பிடியோட கனம் லிம்போட கனத்துக்கு இறங்குற இடம்), அப்புறம் பக்கத்துக்கு 29 இஞ்ச் வளையுற லிம்ப், 28 இஞ்ச் இழுத்தா இழுக்குற விசை 40 பவுண்டு வரணும். அமெரிக்காவுல புதுசா செய்யுறவங்க நிறைய பேர் இந்த மாதிரி அகலமான தட்டை வில்லுலதான் ஆரம்பிக்கிறாங்க, ஹிக்கரி சுலபத்துல உடையாது.

வில்லுல உங்க முகத்த பாக்குற பக்கம் பெல்லி, டார்கெட்ட பாக்குற பக்கம் பேக், இந்த ரெண்டு வார்த்தை கீழ அடிக்கடி வரும்.

எந்த லிம்புக்கு வலு ஜாஸ்தின்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

முதல்ல தரையில பாருங்க. ஒரு முனைய தரையில ஊனி, ஒரு கை மேல் முனையில இன்னொரு கை பிடியில வச்சு நடுவ அழுத்துங்க, அப்புறம் தலைகீழா திருப்பி அதையே பண்ணுங்க. பெரிய வித்தியாசம் இருந்தா உள்ளங்கைக்கே தெரிஞ்சிடும், அந்த அளவு வித்தியாசத்த இந்தக் கட்டத்துலயே அரத்தால ராவி சரி பண்ணிடுங்க, நாண் மாட்டுற வரைக்கும் காத்திருக்க வேணாம்.

அதுக்கு அப்புறம் டில்லரிங் ட்ரீ. பேருதான் பெருசு, சுவத்துல ஒரு கட்டைய அடிச்சு அதுமேல வில்லோட பிடிய உக்கார வைக்கணும், நேர் கீழ தரைகிட்ட ஒரு கப்பி, நாண்ல ஒரு கொக்கி, கொக்கிக்கும் கயித்துக்கும் நடுவுல லக்கேஜ் எடை பாக்குற டிஜிட்டல் தராசு, அவ்ளோதான். கயித்த கப்பி வழியா எடுத்துட்டு வந்து பத்தடி தள்ளி நின்னு இழுத்தா வில்லு வளையுறது முழுசா கண்ணுக்குத் தெரியும். வில்லுக்குப் பின்னாடி சுவத்துல 2 இஞ்சுக்கு ஒரு கோடு போட்டு வைங்க, ஃபோன ஸ்டாண்டுல வச்சு போட்டோ எடுங்க. வெறும் கண்ண மட்டும் நம்பாதீங்க, ஒரே வில்ல இடது வலது மாத்தி வச்சா நம்ம கண்ணு வேற பதில் சொல்லும், அதனால எப்பவும் ரெண்டு விதமாவும் வச்சுப் பாத்துட்டுதான் பென்சில் எடுக்கணும்.

இன்னொரு அடையாளமும் இருக்கு, எனக்கு இதுலதான் நம்பிக்கை ஜாஸ்தி. கொக்கி நிக்கிற இடத்துக்கு நேரா சுவத்துல மேலருந்து கீழ ஒரு நேர்கோடு போட்டுக்கங்க, தூக்குநூல் கட்டினா இன்னும் நல்லது. வில்ல மெதுவா இழுக்கும்போது கொக்கி அந்தக் கோட்டுலயே நேரா இறங்கினா ரெண்டு லிம்பும் சமமா வேலை செய்யுது. ஒரு பக்கமா ஒதுங்கிச்சுன்னா, எந்தப் பக்கம் ஒதுங்குதோ அந்த லிம்புக்குத்தான் வலு ஜாஸ்தி. மெலிஞ்ச லிம்போட முனை உள்ள வந்துடுது, வலுவானதோட முனை வெளியவே நிக்குது, நாண் அந்தப் பக்கமா போகாம வேற எங்க போகும்.

வலு கம்மியா இருக்குற லிம்ப எப்படி பலப்படுத்துறது?

பலப்படுத்த முடியாதுன்னு வச்சுக்கங்க. எடுத்த மரத்த திருப்பி ஒட்ட முடியாது, அதனால மெலிஞ்ச லிம்ப தொடவே கூடாது, அதுமேல பென்சில்ல பெருசா பெருக்கல் குறி போட்டுடுங்க. வலுவான லிம்போட பெல்லியில சுரண்டி அத மெலிஞ்சதோட நிலைக்குக் கொண்டு வரணும். நீளத்த குறைக்கிறது, சூடு காட்டுறதுன்னு ரெண்டு வழி இருக்கு, அது கீழ தனியா வருது.

பேக்ல மட்டும் கை வைக்கவே கூடாது. இழுக்கும்போது பேக் நீளுது, பெல்லி நசுங்குது. பேக்ல நார் ஒரு முனையில இருந்து இன்னொரு முனை வரைக்கும் அறுபடாம ஓடணும், அதுக்குத்தான் பலகையில இல்லாம வெட்டுன மரத்துலயே நேரா செய்யுறவங்க பேக்ல ஒரே ஆண்டு வளையத்த கடைசி வரைக்கும் விடாம பிடிச்சுட்டுப் போறாங்க. அங்க நார் அறுபட்டா பிளவு அங்கதான் ஆரம்பிக்கும்.

ஒரு தடவைக்கு எவ்வளவு சுரண்டலாம்?

நீங்க நினைக்கிறத விட ரொம்ப கம்மியா. வில்லோட விறைப்பு அகலத்தோட நேரா ஏறி இறங்கும், ஆனா கனத்தோட மும்மடியா ஏறி இறங்கும். அகலத்துல பத்துல ஒரு பங்கு எடுத்தா விறைப்பு 10 சதவீதம் போகும், கனத்துல அதே பத்துல ஒரு பங்கு எடுத்தா 27 சதவீதம் போயிடும். 12 மில்லிமீட்டர் கனம் இருக்குற லிம்புல நீளம் பூரா வெறும் அரை மில்லிமீட்டர் சுரண்டினா விறைப்புல 12 சதவீதம் காலி. அரை மில்லிமீட்டர்னா நல்ல அரத்துல சில இழுப்பு, அவ்வளவுதான்!

அதனாலதான் தரையில அழுத்திப் பாக்குற கட்டம் தாண்டின உடனே அரத்த மூட்டை கட்டி வச்சுட்டு ஸ்கிரேப்பருக்கு மாறச் சொல்றோம். கார்பெண்டர் வச்சிருக்குற இரும்புத் தகடு ஸ்கிரேப்பர் போதும், அது இல்லன்னா கத்தியோட முதுகு இல்ல உடைஞ்ச கண்ணாடித் துண்டு (கையுறை போட்டுக்கங்க) கூட வேலை செய்யும். சுரண்டப் போற இடம் பூரா பென்சில்ல கிறுக்குங்க, கிறுக்கல் அழியுற வரைக்கும் சீரா சுரண்டுங்க, நிறுத்துங்க, இழுத்துப் பாருங்க. அப்படி பண்ணா எல்லா இடத்துலயும் ஒரே அளவு போயிருக்குன்னு உறுதியா தெரியும்.

அகலத்துக்கு விறைப்பு நேராதான் இறங்கும்ங்கறதால கடைசி கட்டத்துல ரொம்ப சின்ன வித்தியாசம்னா லிம்போட ஓரத்துல கொஞ்சம் எடுக்கலாம், அது பயம் இல்லாத வழி.

சுரண்டியும் ஒண்ணுமே மாறலையே?

மாறியிருக்கும், இன்னும் வெளிய காட்டல. மரம் எடுத்த உடனே வில்லு புது நிலைக்கு வந்துடாது, கொஞ்சம் வேலை வாங்கணும். சுரண்டினதுக்கு அப்புறம் ஏற்கனவே இழுத்த தூரம் வரைக்கும் 20, 30 தடவை மெதுவா இழுத்து, நாண சட்டுன்னு விட்டுடாம மெதுவாவே திரும்ப இறக்குங்க, அதுக்கு அப்புறம் பாத்து முடிவு பண்ணுங்க. இந்த ஒரு பழக்கம் இல்லாமத்தான் நிறைய வில்லு கெடுது, மாறலன்னு நினைச்சு இன்னும் சுரண்டிடுவாங்க, ராத்திரி சரியா இருக்குற மாதிரி தெரியும், மறுநாள் இழுத்தா அடுத்த பக்கம் விறைப்பா நிக்கும், திரும்ப அத சுரண்டுவாங்க, இப்படியே மாத்தி மாத்தி 40 பவுண்டு வில்லு 25க்கு வந்துடும்.

எவ்வளவு தூரம் இழுத்துப் பாக்கலாம், வளையுறது தெரியணுமே?

கோணல் கண்ணுல படுற இடத்தோட நிறுத்துங்க. 10 இஞ்ச் இழுப்புல ஒரு லிம்ப் விறைப்பா தெரியுதுன்னா 10 இஞ்ச் தாண்டாதீங்க, அங்கயே சரி பண்ணிட்டுதான் 11. ஏன்னா விறைப்பான லிம்ப் சும்மா நிக்கும்போது மெலிஞ்ச லிம்ப்தான் எல்லா வளைவையும் வாங்கிக்குது, அதோட பெல்லியில மரம் நசுங்கி நாண் கழட்டினாலும் முழுசா நிமிராது. இதத்தான் செட்டுன்னு சொல்றோம். ஒரு தடவை செட் விழுந்துட்டா அந்த லிம்ப் இன்னும் மெலிஞ்சது மாதிரியே நடந்துக்கும், நீங்க மறுபடி வலுவான பக்கத்த எடுக்க வேண்டி வரும்.

தராசுலயும் ஒரு எல்லை வைங்க. நமக்கு வேண்டியது 40 பவுண்டு, அதனால எந்தக் கட்டத்துலயும் 40 தாண்டக்கூடாது, 15 இஞ்சுலயே 40 காட்டினா அங்கயே நிறுத்தி ரெண்டு லிம்புலயும் சீரா எடுங்க.

வரிசை இப்படிப் போகும்: தரையில அழுத்திப் பாக்குறது, அப்புறம் தொளதொளன்னு நீளமான நாண் மாட்டி முனை ரெண்டும் 5 இஞ்ச் போல இறங்குற வரைக்கும், அப்புறம் குட்டை நாண் மாட்டி 3, 4 இஞ்ச் உயரத்துல (பிடிக்கும் நாணுக்கும் நடுவுல இருக்குற தூரம்) கட்டிப் பாக்குறது, எல்லாம் சரியா இருந்தா 6 இஞ்ச் உயரம். நீள நாண்லயே ரொம்ப நேரம் இருக்காதீங்க, நாண் கோணம் வேற மாதிரி இருக்கறதால அது காட்டுற வளைவு முழு உண்மை இல்ல.

மேல் லிம்பும் கீழ் லிம்பும் அச்சு அசலா ஒண்ணா இருக்கணுமா?

இழுக்குற விதத்தப் பொறுத்தது. அம்புக்கு மேல ஒரு விரல் கீழ ரெண்டு விரல்னு பிடிச்சு இழுக்குறவங்களுக்கு விரலோட அழுத்தம் அம்புக்குக் கீழதான் ஜாஸ்தி விழும், அதோட அம்பு போற இடமும் வில்லோட நடுவுக்கு கொஞ்சம் மேலதான் இருக்கும், கை பிடிக்கிறது நடுவுக்குக் கீழ. இதெல்லாம் சேந்து கீழ் லிம்புக்கு சுமை கூடுது. அதனால கீழ் லிம்ப கொஞ்சம் விறைப்பா விடுறது வழக்கம். நாண் கட்டின நிலையில பிடியோட சரிவு முடியுற இடத்துல லிம்புக்கும் நாணுக்கும் இடைவெளி அளந்தா மேல் பக்கம் 3ல இருந்து 6 மில்லிமீட்டர் ஜாஸ்தி இருக்கட்டும்.

கட்டைவிரல்ல வளையம் மாட்டி இழுக்குற மங்கோலிய, கொரிய, துருக்கி முறையில நாண் ஒரே இடத்துல பிடிபடுது, அங்க இந்த கணக்க அப்படியே எடுத்துட்டுப் போகாதீங்க.

நீளமே சமமா இருக்கணும்னு கூட கட்டாயம் இல்ல. ஜப்பானோட யூமி வில்லு ரெண்டு மீட்டருக்கு மேல நீளம், அதோட பிடி கீழருந்து ஏறக்குறைய மூணுல ஒரு பங்குலதான் இருக்கு, மேல் லிம்ப் கீழ் லிம்ப விட ரெண்டு மடங்கு போல நீளம். இன்னைக்கும் அதுல எய்யுறாங்க. நீளம் சமமா இருக்காங்கறது இல்ல கேள்வி, இழுக்கும்போதும் விடும்போதும் ரெண்டும் ஒண்ணா வேலை செய்யுதாங்கறதுதான்.

அளந்தா சரியா இருக்கு, கையில எடுத்து இழுத்தா ஒரு பக்கம் சாயுதே?

இதுதான் ரொம்ப முக்கியமான கேள்வி. ட்ரீயில வில்ல சரியா நடு மையத்துல உக்கார வச்சு நாணோட நடுவுல கொக்கி மாட்டி சமமாக்கியிருப்பீங்க, ஆனா உங்க கை பிடிக்கிறது மையத்துல இல்ல, விரல் இழுக்குறதும் நாண் மையத்துல இல்ல. ரெண்டு இடத்தையும் மாத்தினா சுமை மாறும், சுமை மாறினா வளைவும் மாறும், நீங்க சமமாக்கினது இல்லாத ஒரு ஆளுக்கான வில்லு ஆயிடும்.

அதனால ஆரம்பத்துலயே பிடியில உள்ளங்கை அழுத்தம் எங்க விழும்னு குறிச்சுக்கங்க (கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்குற வளைவு, அது நிக்கிற இடம்), ட்ரீயில அந்த இடம்தான் தாங்கணும். கொக்கியும் நாண்ல உங்க விரல் நிக்கிற இடத்துலயே மாட்டுங்க. தாங்குற கட்டை அகலமா தட்டையா இருந்தா வில்லு ஆட முடியாம பொய் சொல்லும், அதனால கட்டைய உருண்டையா குறுகலா வைங்க, வில்லு சாயணும்னா சாயட்டும், அந்த சாயல்தான் உங்களுக்குத் தேவையான தகவல். கடைசியா ஒருத்தர பக்கத்துல நிக்க வச்சு நீங்க இழுக்குறத வீடியோ எடுக்கச் சொல்லுங்க. ட்ரீயில சமமா தெரிஞ்சு கையில சாயுதுன்னா கைய நம்புங்க, எய்யப் போறது கைதான்.

அளவு ஏமாத்துறதுக்கு இன்னொரு காரணம் மரத்தோட பிறவி வளைவு. வெட்டுன மரத்துல ஒரு லிம்ப் முன்னாடி கொஞ்சம் வளைஞ்சும் இன்னொண்ணு பின்னாடி வளைஞ்சும் இருக்கலாம், அப்போ நாண் கட்டினா இடைவெளி சமமா இருக்காது, ஆனா வலு சமமாவே இருக்கும். ஸ்கேல நம்பி வலுவ எடுத்துட்டா அவ்ளோதான். அதுக்குத்தான் நாண் கட்டாத வில்ல ட்ரீயில வச்சு முதல்ல ஒரு போட்டோ எடுத்துடணும், எங்க ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சாத்தான் எவ்வளவு நகந்துச்சுன்னு தெரியும். பிறவி வளைவு ரொம்ப ஜாஸ்தின்னா டில்லர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஆவி காட்டி (கனத்துல ஒரு இஞ்சுக்கு ஒரு மணி நேரம்னு பொதுவா ஒரு கணக்கு) அச்சுல கட்டி நேராக்கிடுங்க.

லிம்ப் முழுசா இல்ல, ஒரே ஒரு இடத்துல மட்டும் மடங்குற மாதிரி வளையுது...

உடனே இழுக்குறத நிறுத்துங்க. இதுக்கு ஹிஞ்ச்னு பேரு, அந்த ஒரு இடத்துலதான் எல்லா வளைவும் சேருது, தொடர்ந்து இழுத்தா பெல்லியில குறுக்கால மெல்லிசா சுருக்கம் சுருக்கமா கோடு விழும், அது மரம் நசுங்கி நார் உடைஞ்ச கோடு, திரும்பாது.

ஒரு 6 இஞ்ச் நேரான கட்டைய எடுத்து நடுவுல ஓட்டை போட்டு பென்சில சொருகி, நாண் கட்டின வில்லோட பெல்லியில ஓட்டுங்க. பென்சில் நுனிய அதிகமா வளையுற இடத்துல லேசா தொடாம நிக்கிற மாதிரி வச்சுட்டா, வளைவு கம்மியா இருக்குற தட்டை இடத்துல எல்லாம் அதுவே கோடு போட்டுட்டு வரும். கோடு விழுந்த இடத்த மட்டும் சுரண்டணும், விழாத இடத்த விட்டுடணும். ஹிஞ்சுக்கு ரெண்டு பக்கமும் மரம் குறைய குறைய வளைவு பரவி அந்த இடத்துக்கு சுமை இறங்கும். கொஞ்சம் பவுண்டு போகும், போகட்டும்.

கணு இருக்குற இடத்துல மட்டும் விதிவிலக்கு, அங்க கொஞ்சம் விறைப்பாவே விடுங்க, கணுவ சுத்தி நார் வளைஞ்சு ஓடறதால வலு கம்மி.

வளைவு எப்படி இருந்தா அழகு, வட்டமாவா?

வில்லோட முன்பக்க வடிவத்தப் பொறுத்து. பிடிகிட்ட அகலமா ஆரம்பிச்சு முனை வரைக்கும் நேரா குறுகிட்டே போற வில்லுல கனம் ஏறக்குறைய ஒரே அளவு, அதுக்கு வட்டத்தோட ஒரு துண்டு மாதிரி வளைவு. அகலம் பாதி தூரம் ஒரே மாதிரி ஓடுற வில்லுல கனம் முனைப் பக்கம் குறைஞ்சுட்டே போகும், மெல்லிசான மரம் ஜாஸ்தி வளைவு தாங்கும், அதனால பிடிகிட்ட கம்மியா வெளிய போகப் போக கொஞ்சம் ஜாஸ்தியா வளையணும். இங்கிலீஷ் லாங்போ பிடியோட சேந்தே முழுசா வளையும். 1545ல மூழ்கி 1982ல வெளிய எடுத்த மேரி ரோஸ் கப்பல்ல இந்த வகை யூ மர வில்லு நூத்துக்கு மேல முழுசா கிடைச்சுது.

சமப்படுத்தி சமப்படுத்தி 40 பவுண்டு 32 ஆயிடுச்சு, திரும்ப ஏத்த முடியுமா?

கொஞ்சம் முடியும். முனைய வெட்டி நீளத்த குறைக்கிறது ஒரு வழி. விறைப்பு நீளத்தோட மும்மடிக்கு எதிரா போகுது, 29 இஞ்ச் லிம்ப 28 ஆக்கினா கிட்டத்தட்ட 11 சதவீதம் விறைப்பு கூடும். இதுலயே லிம்ப் சமப்படுத்துற ஒரு வழியும் இருக்கு பாருங்க, ஒரு லிம்ப் மட்டும் ஒட்டுமொத்தமா மெலிஞ்சிருந்தா அத மட்டும் அரை இஞ்ச் இல்ல ஒரு இஞ்ச் குறைச்சுட்டு அந்த லிம்ப கீழ் லிம்பா வச்சுக்கலாம். பவுண்டு ஏறும், சமமும் வரும். ஆனா வில்லு குட்டையானா அதே 28 இஞ்ச் இழுப்புக்கு மரம் ஜாஸ்தி வளையணும், ஏற்கனவே செட் விழுந்த வில்லுல இத பண்ணாதீங்க.

வெட்ட மனசு இல்லன்னா வில்ல தலைகீழா திருப்பிப் பாருங்க, மெலிஞ்சத மேல வச்சா மேல சொன்ன கணக்குப்படி பாதி பிரச்சனை தானா தீந்திடும். பிடிய இன்னும் முழுசா செதுக்காம வச்சிருக்கவங்களுக்கு இது ரொம்ப வசதி, அதனால டில்லர் முடியுற வரைக்கும் எது மேல் லிம்ப்னு முடிவு பண்ணாம இருங்க.

அப்புறம் சூடு. பெல்லிய மட்டும் ஹீட் கன் வச்சு மெதுவா, மரம் தேன் கலருக்கு மாறுற வரைக்கும் சுட்டா நசுங்குறத தாங்குற சக்தி கூடும், விறைப்பும் கூடும். மெலிஞ்ச லிம்ப மட்டும் கூட சுடலாம். பேக்ல சூடு ஏறவே கூடாது. சுட்ட உடனே இழுக்காதீங்க, மரம் அப்போ காஞ்சு மொறுமொறுன்னு இருக்கும், காத்துல இருந்து ஈரத்த திரும்ப எடுத்துக்க சில நாள் விடுங்க.

எங்க ஊர்ல ஹிக்கரி எங்க கிடைக்கும், மூங்கில்ல இதே மாதிரி பண்ணலாமா?

பண்ணலாம், மூங்கில்ல லிம்ப் சமமில்லாம வர்றது இன்னும் ஜாஸ்தி. மூங்கில் அடியில கனமா இருக்கும், மேல போகப் போக மெலியும், அதனால பிளந்து எடுத்த பட்டையில ஒரு முனை பிறவியிலேயே வலுவானது. கணுவோட இடைவெளியும் மாறிட்டே போகும். அடியிலயும் நுனியிலயும் எடுக்காம நடுப்பகுதியில எடுங்க, வெளிப்பக்கத் தோல் பேக்கா இருக்கட்டும், அதுதான் இழுவிசைக்கு பலம், அத சுரண்டவே சுரண்டாதீங்க. அடிப்பக்க முனையில உள்பக்கமா எடுத்து நுனிப்பக்கத்தோட சமமாக்கணும்.

கடலோர ஊர்ல இருக்கவங்க ஈரத்த கவனிங்க. வில்லு மரத்துல ஈரப்பதம் 8ல இருந்து 10 சதவீதம் இருந்தா நல்லது, காத்துல ஈரம் ஜாஸ்தின்னா மரம் அத குடிச்சு மெத்துனு ஆயி செட் விழும், ஹிக்கரி இதுல ரொம்ப மோசம்.

ட்ரீயில உடைஞ்சா ஆபத்தா?

ஆபத்துதான். உடைஞ்ச துண்டு எந்தப் பக்கம் வேணா பறக்கும், அதனால கண்ணாடி போட்டுக்கங்க, வில்லுக்கு நேர் கீழ நிக்காதீங்க, பசங்கள அந்தப் பக்கம் விடாதீங்க. அம்பு இல்லாம நாண இழுத்து விடவே கூடாது. இழுத்த நிலையில ஆணியில மாட்டி வச்சுட்டு நின்னு ரசிக்காதீங்க, ஒவ்வொரு விநாடியும் பெல்லி நசுங்கிட்டே இருக்கு, போட்டோ எடுத்த உடனே இறக்கிடுங்க.

முடிச்சதுக்கு அப்புறம் டில்லர் மாறுமா?

மாறும், முதல் நூறு அம்புக்குள்ள கொஞ்சம் மாறும். அதனால 28 இஞ்ச் வந்த உடனே வார்னிஷ் அடிச்சுடாதீங்க. கடைசி 2, 3 பவுண்டு ஜாஸ்தி இருக்கும்போதே சுரண்டுறத நிறுத்தி (40 தாண்டக்கூடாதுன்னு சொன்னதுக்கு இது மட்டும் விதிவிலக்கு), உப்புத்தாள் போடாம அப்படியே எடுத்துட்டுப் போய் எய்ய ஆரம்பிங்க. நூறு அம்பு போல போனதும் திரும்ப ட்ரீயில வச்சு பழைய போட்டோவோட ஒப்பிட்டுப் பாருங்க, நாண் கழட்டின உடனே ரெண்டு லிம்புலயும் செட் எவ்வளவுன்னு அளந்துக்கங்க. ஒரு லிம்புல மட்டும் செட் ஏறியிருந்தா அதுதான் இன்னும் ஜாஸ்தி உழைக்குது, அடுத்த லிம்புல ஸ்கிரேப்பரால ரெண்டு மூணு இழுப்பு, திரும்ப 30 தடவை இழுத்துட்டு பாருங்க. உப்புத்தாளும் மரத்த எடுக்கும்ங்கறத மறக்காம ரெண்டு பக்கமும் ஒரே அளவு தேய்ங்க, அப்புறமா எண்ணெயோ வார்னிஷோ.